பாட்டு யாரை அசைக்கும்?

பாட்டும் கட்சியும் கைகோத்து வளர்ந்த மாநிலம் தமிழ்நாடு. தி.மு.க. மேடைகளில் நாகூர் ஹனிபாவின் குரல் கூட்டத்தைக் கட்டிப்போட்ட காலம் உண்டு. எம்.ஜி.ஆர். படப் பாடல்கள் தேர்தல் நேரத்தில் தெருத்தெருவாக ஒலிபெருக்கியில் ஓட்டுக் கேட்டன. அந்தக் காலம் மலையேறிவிட்டது என்கிறார்கள் பலர். அன்று டீக்கடை ரேடியோவில் ஊரே ஒரு பாட்டைக் கேட்டது; இன்று ஆளுக்கொரு இயர்போன். சேர்ந்து கேட்காத ஜனம் சேர்ந்து எழுமா என்பது அவர்கள் கேள்வி.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொடைக்கானலில் நடந்ததைப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இருந்த தெர்மாமீட்டர் ஆலை ஒன்று 1980களின் தொடக்கத்தில் மூட்டை கட்டிக்கொண்டு கொடைக்கானலுக்கு வந்தது. பாண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அது யூனிலீவர் கைக்குப் போனது. உள்ளே வேலை பாதரசத்தில். சிந்திய பாதரசம் துணியில் ஒட்டியபடியே வீட்டுக்குப் போனோம் என்று தொழிலாளர்கள் பின்னாளில் சொன்னார்கள். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் உள்ள ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்களும் சூழல் ஆர்வலர்களும் வெளிக்கொண்டு வந்தனர். ஆலை மூடப்பட்டது. 2003இல் கழிவில் ஒரு பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. தொழிலாளர்களின் உடல்நலக் கேட்டுக்கு ஆலை காரணமில்லை என்று நிறுவனம் மறுத்தது. இழப்பீட்டு வழக்கு 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் அங்கேயே ஆண்டுக்கணக்கில் கிடந்தது.

2015 ஜூலை இறுதியில் சென்னை ராப் பாடகி சோபியா அஷ்ரஃப் ஒரு வீடியோ வெளியிட்டார். அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் புகழ்பெற்ற ‘அனகோண்டா’ பாட்டின் தாளத்தை எடுத்து, அதில் கொடைக்கானல் பாதரசக் கதையை ஏற்றியிருந்தார். நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, கணக்கை முடித்துவிட்டுப் போ என்று கேட்டது அந்தப் பாட்டு. மினாஜே அதைத் தன் ட்விட்டரில் பகிர்ந்தார். பல லட்சம் பேர் பார்த்தார்கள். யூனிலீவரின் உலகத் தலைவர் பால் போல்மன் ட்விட்டரிலேயே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் அவர்கள் குடும்பங்களோடும் இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாடு செய்துகொண்டது.

பாட்டு வாங்கித் தந்த வெற்றி என்று மட்டும் இதைச் சொன்னால், பதினைந்து ஆண்டு போராடிய தொழிலாளர்களுக்குச் செய்யும் துரோகம் அது. சங்கம், வழக்கு, ஆவணம் எல்லாம் தயாராக இருந்தன. எட்டு மாதத்தில் பேச்சுவார்த்தை முடிந்ததற்கு மட்டும் பாட்டுக்குப் பங்கு கொடுக்கலாம். அந்தப் பங்கு சின்னதல்ல. இத்தனைக்கும் அந்த வீடியோவைப் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் இயர்போனில், தனித்தனியாகத்தான் பார்த்திருப்பார்கள்.

அந்த வீடியோவை உருவாக்கிய குழு 2018இல் இரண்டாவது பாட்டோடு வந்தது. சோபியாவோடு கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் சேர்ந்து பாடினார். இம்முறை பிரச்சினை மண். ஆலை வளாகத்தைச் சுத்தம் செய்யும்போது கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்று வகுத்த அளவுகோலைப் பிரிட்டனில் ஏற்பார்களா என்று கேட்டது அந்தப் பாட்டு. கேள்வி சரியானது, இசை முதல் பாட்டைவிடச் செறிவானது. ஆனாலும் முதல் பாட்டு ஏற்படுத்திய அதிர்வை இது ஏற்படுத்தவில்லை.

வேறுபாடு பாட்டில் இல்லை, அது போய்ச் சேர்ந்த முகவரியில் இருந்தது. சோப்பும் ஷாம்புவும் விற்கும் நிறுவனத்துக்குப் பெயர் கெட்டால் வியாபாரம் கெடும். சுத்திகரிப்பு அளவுகோலை முடிவு செய்வதோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பசுமைத் தீர்ப்பாயமும். அவர்கள் எதையும் விற்பதில்லை, ஓட்டுக் கேட்டும் வருவதில்லை. மக்கள் முகம் சுளித்தால் யாருக்கு நஷ்டமோ, அவரைத்தான் வெகுஜனப் பாட்டு அசைக்கிறது.

கோவன் விஷயத்திலும் இதைப் பார்க்கலாம். மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகரான அவர், டாஸ்மாக்கை மூடச் சொல்லியும் முதல்வர் ஜெயலலிதாவைச் சாடியும் பாடினார். 2015 அக்டோபர் 30 அன்று திருச்சியில் அவரைத் தேசத்துரோக வழக்கில் போலீஸ் கைது செய்தது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டு இன்னும் பரவலாக வீடு வீடாகப் போனது. மதுவிலக்குக் கேட்டுப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் செல்போன் கோபுரத்தில் உயிரை விட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பெண்கள் கடைகளை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தார்கள். 2016 தேர்தலில் பெரிய கட்சிகள் எல்லாம் மதுவிலக்கைப் பேசின. மீண்டும் முதல்வரான அன்றே 500 கடைகளை மூடும் உத்தரவில் ஜெயலலிதா கையெழுத்திட்டார். டாஸ்மாக் இன்றும் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் தேர்தலுக்கு ஆறேழு மாதம் இருக்கும்போது ஓர் அரசு ஒரு பாட்டுக்காரருக்குப் பயந்ததும், பயந்ததை மறைக்கத் தெரியாமல் நடந்துகொண்டதும் ஊரறிந்தவை.

ஓட்டுக்குப் பயப்படாத அரசிடம் இந்தக் கணக்கு செல்லாது. ஈரானில் 2022இல் ஷெர்வின் ஹாஜிபூர் பாடிய ‘பராயே’ போராட்டக்காரர்களின் ட்விட்டர் வரிகளாலேயே கட்டப்பட்டது. அடுத்த ஆண்டு கிராமி விருதும் பெற்றது. பாடியவருக்கு 2024இல் சிறைத் தண்டனை விதித்தார்கள். ஆட்சி அப்படியே இருந்தது.

முகவரியே இல்லாத பாட்டும் உண்டு. 2021இல் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ நிலமில்லாத உழைப்பாளிகளின் துயரத்தையும், அதைப் பாடியவர்களில் ஒருவரான அறிவு என்பவரின் பாட்டி தலைமுறை கண்ட தேயிலைத் தோட்ட வாழ்க்கையையும் சுமந்தது. கல்யாண மண்டபம் முதல் கல்லூரி விழா வரை அதற்கு ஆடாதவர் இல்லை. ஒப்பாரியின் சாயல் கொண்ட ஒரு பாட்டை நாடே கொண்டாடியது சாதாரண விஷயமல்ல. யாருடைய குரல் பொதுவெளியில் கேட்கலாம் என்பதையே அது கொஞ்சம் மாற்றியது. ஆனால் நிலத்தை யார் யாருக்குத் தர வேண்டும் என்று அது எவரையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. அதனால் எல்லோரும் பாராட்ட முடிந்தது, எவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு பாட்டின் பெருமை யாருக்கு, வருமானம் யாருக்கு என்று எழுந்த சர்ச்சைதான் செய்தியானது. நிலத்தைப் பற்றிய பேச்சு பின்னால் போய்விட்டது.

கொடைக்கானல் மண்ணுக்காக மூன்றாவது பாட்டு ஒன்று வருமானால், அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்டுப் பயனில்லை. கொடைக்கானல் பழனி சட்டமன்றத் தொகுதியில் வருகிறது. அந்தத் தொகுதியில் ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரையும் பெயர் சொல்லி, அந்த 20 மில்லிகிராம் உங்களுக்குச் சம்மதமா என்று மூஞ்சிக்கல் தெருவில் நின்று கேட்க வேண்டும், தேர்தல் தேதி அறிவித்த அன்றிலிருந்தே.