ஆறு மாதம் யார் போட்ட கணக்கு?

ஈக்காட்டுத்தாங்கலில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில், ஆண்டுக்கு நான்கைந்து வீடுகளிலாவது கூடம் முழுக்கப் பெட்டிகள் திறந்து கிடக்கும். கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்க்கும் தராசு 23 கிலோவைத் தாண்டினால், அந்த வீட்டு அம்மா தன் புடவை ஒன்றை எடுத்து வெளியே வைப்பார். பருப்புப் பொடியும் பிரசவ லேகியமும் அசையாது. பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்கச் சுங்கத்தில் விடமாட்டார்கள் என்று தெரிந்து, அதை மட்டும் பெருமூச்சோடு பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். அமெரிக்காவில் பிள்ளை வீட்டில் எத்தனை நாள் என்று கேட்டால், எல்லா வீட்டிலும் ஒரே பதில்: “ஆறு மாசம்.”

அது என்ன ஆறு மாதம்? சுற்றுலா விசாவில் போய் இறங்குபவருக்கு அமெரிக்கக் குடிவரவு அதிகாரி வழக்கமாக அனுமதிக்கும் காலம் அவ்வளவு. அதுவரை தங்கலாம் என்பதுதான் அதன் பொருள். நாம் அதையே பெற்றோர் தங்கவேண்டிய காலமாக ஆக்கிக்கொண்டோம். காரணம் இல்லாமல் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு, முதல்முறை விண்ணப்பித்தவர்கள் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். விண்ணப்பக் கட்டணமே ஆளுக்கு 185 டாலர். சென்னையிலிருந்து நேரடி விமானமும் கிடையாது. துபாயிலோ தோஹாவிலோ இறங்கி மாறவேண்டும். “இவ்வளவு செலவு பண்ணிப் போறோம், முழுசா இருந்துட்டு வரலாம்” என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால் பெரிய காரணம் குழந்தை. இந்தியாவில் 2017 சட்டத் திருத்தத்தின்படி பேறுகால விடுப்பு சம்பளத்தோடு 26 வாரம். அமெரிக்காவின் 1993 கூட்டரசுச் சட்டம் தருவது 12 வாரம். அதற்கும் சம்பளம் கிடையாது, சிறு நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு அதுவும் பொருந்தாது. ஆகவே முதல் ஆறு மாதம் பெண்ணின் அம்மா, அடுத்த ஆறு மாதம் பையனின் அம்மா என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். பேறுகாலத்துக்கு மகள் தாய்வீடு வருவது நம் வழக்கம். இப்போது தாய்வீடே விமானம் ஏறிப் போகிறது. உலகின் மிகப் பெரிய பொருளாதாரம் தன் தாய்மார்களுக்குத் தராத விடுப்பை, மாம்பலத்திலும் அடையாறிலும் இருக்கும் அறுபது வயதுப் பெண்கள் தங்கள் உடம்பால் ஈடுகட்டுகிறார்கள். அவர்கள் மனமுவந்துதான் போகிறார்கள். பேத்தியை மடியில் போட்டு எண்ணெய் தேய்க்கும் சுகத்துக்கு விலை இல்லை. அதற்காக, இரவு மூன்று முறை எழுந்திருப்பதை ‘ஊர் சுற்றிப் பார்க்க வந்திருக்காங்க’ என்று பிள்ளைகள் சொல்வதை என்னால் ஏற்கமுடியவில்லை. அது வேலை. வேலை என்று ஒப்புக்கொண்டால்தான் வாரம் ஒருநாள் ஓய்வு தரவேண்டும் என்ற எண்ணமாவது வரும்.

அப்பாக்களின் கதை வேறு. எங்கள் தளத்தில் இருப்பவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். காலை ஐந்தரைக்குப் பால் வாங்கக் கிளம்பினால் ஏழரைக்குத்தான் வீடு திரும்புவார். டீக்கடை, பேப்பர், இஸ்திரி வண்டிக்காரரிடம் இரண்டு வார்த்தை. மனசு வந்தால் மெட்ரோ ஏறி வடபழனி முருகன் கோவில். நியூஜெர்சியில் மகன் வீடு பெரியது. மகனும் மருமகளும் எட்டு மணிக்குக் கிளம்பிவிட்டால், கார் இல்லாமல் எங்கும் போகமுடியாது. நடைபாதை அடுத்த திருப்பத்தோடு முடிந்துவிடும். பகல் சாப்பாடு முடிந்து ஒரு மணிக்கு யாரிடமாவது பேசலாம் என்று போனை எடுத்தால், இங்கே இரவு பத்தரை. முடிவெட்டிக்கொள்ளக்கூட மகனுடைய சனிக்கிழமைக்குக் காத்திருக்கவேண்டும். திரும்பி வந்ததும் என்னிடம் சொன்னார்: “அங்க எல்லாம் இருக்குது சார். தெருதான் இல்ல.”

மருத்துவச் செலவு இதைவிடக் கவலைக்குரியது. கனடா 2011-ல் கொண்டுவந்த ‘சூப்பர் விசா’வில், 2022 ஜூலை முதல் பெற்றோர் ஒரே வருகையில் ஐந்து ஆண்டுவரை தங்கலாம்; குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடு காட்டினால்தான் விசாவே. அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு அப்படி நிபந்தனை இல்லை. “எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்” என்பார் அப்பா. மகனும் இருப்பதிலேயே மலிவான பாலிசியை எடுத்துவிடுவான். அத்தகைய பாலிசிகள் ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று வரம்பு வைப்பவை. பழைய சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பெரும்பாலும் பணம் தராதவை. ஒரே ஒரு இரவு மருத்துவமனையில் தங்கினால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். டிக்கெட்டில் சேமியுங்கள், காப்பீட்டில் வேண்டாம்.

என் கருத்து இதுதான்: எத்தனை நாள் என்பதைப் பெற்றோர் சொல்லட்டும். நம்மவர்களுக்கு அமெரிக்கச் சுற்றுலா விசா பெரும்பாலும் பத்து ஆண்டுக்குக் கிடைக்கிறது. ஒரேயடியாக ஆறு மாதம் அடைந்து கிடப்பதைவிட, பனி இல்லாத காலத்தில் பத்து வாரம், இரண்டு ஆண்டு கழித்து மறுபடி பத்து வாரம் என்று போகலாம். இரண்டு டிக்கெட்டுக்கு வழியில்லாத குடும்பங்கள் உண்டு, அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாத முழங்கால்களும் உண்டு. அவர்கள் ஆறு மாதம் இருக்கட்டும். அப்போதும் வந்து இறங்கிய அன்றே கையில் ஒரு வீட்டுச் சாவி, உள்ளூர் சிம், கேட்காமல் செலவழிக்கக் கொஞ்சம் பணம் கொடுத்துவிடலாம். நியூயார்க் ஃபிளஷிங் பிள்ளையார் கோவிலுக்குக் காரில் ஒருநாள் கூட்டிப்போய்ப் படம் எடுப்பதோடு நிறுத்தாமல், அதற்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் பெற்றோருக்குப் பஸ் ஏறும் இடத்தைக் காட்டிக்கொடுத்தால், அந்தக் கோவிலின் கீழ்த்தள உணவகத்தில் தோசையோடு பேச்சுத்துணைக்கும் ஆள் கிடைப்பார்.

எங்கள் தளத்துக்காரர் வரும் மே மாதம் மறுபடி கிளம்புகிறார், பத்து வாரத்துக்கு. போன ஞாயிறு மகனிடம் போனில் அவர் கேட்ட முதல் கேள்வி, “வீட்லேர்ந்து நடந்து போற தூரத்துல என்னடா இருக்கு?” மகன் தேடிப் பார்த்துச் சொன்னான்: நூலகம், ஒரு பூங்கா, பஸ் நிறுத்தம். கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்றையும் எழுதி, பாஸ்போர்ட் உறைக்குள் வைத்திருக்கிறார்.