ரிமோட் மக்கர் பண்ணுதா? வில்லன் டிவிக்குப் பின்னாடி இருக்கலாம்!

கடைசி ஓவர். 6 பந்தில் 9 ரன். கிச்சனில் குக்கர் விசில் அடிக்க, கமென்ட்ரி காதில் விழவில்லை. அப்பா ரிமோட்டை எடுத்து வால்யூமைக் கூட்டுகிறார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்துகிறார். ம்ஹூம். பிறகு நம் ஊர் வழக்கப்படி ரிமோட்டின் முதுகில் ரெண்டு தட்டு. அப்போது பார்த்து, அழுத்திய அத்தனையும் ஒரேயடியாகப் போய்ச் சேர, வீடே அதிர்கிறது.

"உங்களுக்கு அமுக்கவே தெரியலப்பா" என்று ரிமோட்டைப் பிடுங்குகிறீர்கள். உங்களுக்கும் அதே கதைதான். மறுநாள் ஆன்லைனில் புது ரிமோட் ஆர்டர் போடுகிறீர்கள். அது வந்து ரெண்டே நாளில் அதுவும் மக்கர்!

கொஞ்சம் நில்லுங்கள் பாஸ். ரெண்டு ரிமோட்டும் ஒரே மாதிரி சொதப்பினால், தப்பு ரிமோட்டில் இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

முதலில், உங்கள் கையில் இருப்பது எது?

பழைய ரிமோட்டுகள் ஐஆர் வகை. கண்ணுக்குத் தெரியாத ஒளியை அடிக்கும். நேராக நீட்ட வேண்டும், நடுவில் யாராவது நின்றால் வேலை செய்யாது. இன்றைய ஸ்மார்ட் டிவி, ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ரிமோட்டுகளில் பெரும்பாலானவை ரேடியோ அலையில், அதாவது ஆர்எஃப் முறையில் பேசுகின்றன. ப்ளூடூத்தும் இந்த ரகம்தான். எங்கே நீட்டினாலும் வேலை செய்யும் என்பதுதான் இதன் பெருமை.

எது என்று கண்டுபிடிக்க உங்கள் போனே போதும். செல்ஃபி கேமராவை ஆன் பண்ணி, முதலில் ஏசி ரிமோட்டை அதன் முன் காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மின்னினால் உங்கள் கேமரா இந்த ஒளியைப் பார்க்கிறது என்று அர்த்தம். அடுத்து டிவி ரிமோட்டில் ஒவ்வொரு பட்டனாக அழுத்துங்கள். புள்ளி மின்னும் பட்டன் ஐஆர், மின்னாத பட்டன் ரேடியோ.

பல ரிமோட்டுகளில் ரெண்டும் கலந்தே இருக்கும். பவர் பட்டன் ஐஆர், வாய்ஸ் பட்டன் ப்ளூடூத். அதனால்தான், "டிவி ஆன் ஆகுது, ஆனா மெனு நகர மாட்டேங்குது" என்ற விநோதப் புகார். அப்படியென்றால் ரிமோட் சாகவில்லை. ரேடியோ இணைப்பில்தான் சிக்கல்.

ஒரே தெருவில் ஊரே நடந்தால்?

ப்ளூடூத் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையில். உங்கள் வைஃபை, பக்கத்து ஃபிளாட் வைஃபை, வயர்லெஸ் மவுஸ், இயர்பட்ஸ் எல்லாம் அதே பட்டையில்தான். மைக்ரோவேவ் அவன் சூடாக்குவதும் அதே பக்கத்தில்தான். இந்தியாவில் 2005-ல் வந்த விதிகள் இந்தப் பட்டையைக் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் இல்லாமலே திறந்துவிட்டன. கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு. இது எல்லாருக்கும் பொதுவான பாதை. நீங்கள் அடுத்தவருக்கு இடைஞ்சல் தரக் கூடாது, அடுத்தவரால் உங்களுக்கு இடைஞ்சல் வந்தால் பாதுகாப்பும் கேட்க முடியாது.

இந்தக் கூட்டத்தில் ரிமோட்டின் குரல் ரொம்பச் சன்னம். ரூட்டர் 100 மில்லிவாட் அளவுக்குக்கூடக் கத்தும். சின்ன பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டிய ரிமோட்டோ பெரும்பாலும் சில மில்லிவாட்டில் முணுமுணுக்கும்.

இதற்கு ப்ளூடூத்திடம் ஒரு தந்திரம் உண்டு. 2003-ல் வந்த 1.2 பதிப்பிலிருந்தே, நெரிசலான சேனலை விட்டுவிட்டுக் காலியான சேனலுக்குத் தாவிக்கொள்ளும். அதனால் வைஃபை ஓடும் வீட்டிலும் ரிமோட் சமாளித்துவிடும். ஆனால், தாவ இடமே இல்லாமல் பட்டை முழுக்க இரைச்சல் பரவினால்?

டிவிக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள்

அந்த இரைச்சலைக் கிளப்பும் ஆள் பெரும்பாலும் டிவியின் முதுகிலேயே உட்கார்ந்திருப்பார். படங்கள் சேமித்து வைத்திருக்கும் யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க்! இந்தக் கருவிகளும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கக்கும் என்றும், அது பக்கத்தில் இருக்கும் வயர்லெஸ் கருவிகளின் எட்டும் தூரத்தைக் குறைக்கும் என்றும் இன்டெல் நிறுவனமே 2012-ல் ஒரு தொழில்நுட்ப அறிக்கையில் விளக்கியது.

அடுத்தது, ஸ்ட்ரீமிங் ஸ்டிக். டிவியின் உலோக முதுகுக்கும் சுவருக்கும் நடுவே அதை நசுக்கி வைத்திருப்போம். ரிமோட்டின் அலை முழு டிவியையும் சுற்றிக்கொண்டு அதைத் தேடிப் போக வேண்டும். சில ஸ்டிக்குகளின் பெட்டியிலேயே குட்டியாக ஒரு ஹெச்டிஎம்ஐ நீட்டிப்புக் கேபிள் வரும். "இது எதுக்கு?" என்று டிராயரில் போட்டோமே, அதேதான். ஸ்டிக்கைக் கொஞ்சம் வெளியே கொண்டுவர அதைத் தந்திருக்கிறார்கள்.

10 நிமிட சோதனை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால், எது காரணம் என்று கடைசி வரை தெரியாது.

1. பேட்டரி: புது அல்கலைன் பேட்டரி போடுங்கள். ரீசார்ஜபிள் பேட்டரி ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான், சாதாரணமானது 1.5 வோல்ட். சில ரிமோட்டுகளுக்கு அந்த வித்தியாசமே பிரச்னை.

2. தூரம்: டிவிக்கு ஒரு மீட்டர் அருகில் போய் அழுத்துங்கள். அங்கே ஓகே, சோபாவில் மட்டும் சொதப்பல் என்றால் இடையூறுதான் காரணம். அருகிலும் வேலை செய்யவில்லை என்றால் ரிமோட்டையோ பேரிங்கையோ சந்தேகப்படலாம்.

3. ஹார்ட் டிஸ்க்: முழுசாகக் கழற்றிவிட்டுப் பாருங்கள். சரியாகிவிட்டதா? நல்ல தரமான, கொஞ்சம் நீளமான கேபிளில் அதைத் தள்ளி வையுங்கள்.

4. ஸ்டிக்: அந்த நீட்டிப்புக் கேபிளைத் தேடி எடுத்து மாட்டுங்கள்.

5. ரூட்டர்: டிவி ஸ்டாண்டிலேயே இருந்தால் இடம் மாற்றுங்கள். போன், லேப்டாப், முக்கியமாக டிவியையும் ஸ்டிக்கையும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். பல ஸ்டிக்குகளில் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே சிப்பில்தான் ஓடுகின்றன. வைஃபை வேறு பட்டைக்குப் போனால் ரிமோட்டுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

6. நேரம்: எப்போது சொதப்புகிறது என்று கவனியுங்கள். மைக்ரோவேவ் ஓடும்போது மட்டுமா? விடை கிச்சனில் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகும் சரியாகவில்லை என்றால் மட்டும் ரீ-பேர் செய்யுங்கள். எல்லாரும் முதலில் செய்வது இதைத்தான். தற்காலிகமாகச் சரியாகி, உண்மையான காரணத்தை மறைத்துவிடும் என்பதுதான் இதில் சிக்கல்.

தனி ஹோம் தியேட்டர் ரூம் இருக்கிறதா?

ஆம்ப்ளிஃபயர், செட்டாப் பாக்ஸ் எல்லாம் மூடிய அலமாரிக்குள் இருக்கும் வீடுகளில் கதையே வேறு. அங்கே ரிமோட் ரேடியோவில் ஒரு பேஸ் யூனிட்டுக்குச் சொல்லும். அது, ஒவ்வொரு கருவியின் முகத்திலும் ஒட்டியிருக்கும் குட்டி ஐஆர் எமிட்டர் வழியாக உத்தரவைக் கடத்தும். ஆக, சந்தேகிக்க வேண்டிய இடம் ரெண்டு.

பல பேஸ் யூனிட்டுகளில் சிக்னல் வந்தால் மின்னும் ஒரு விளக்கு இருக்கும். பட்டனை அழுத்தியதும் அது மின்னுகிறது, ஆனால் கருவி அசையவில்லையா? எமிட்டர் கழன்றிருக்கும், இல்லை நகர்ந்திருக்கும். மின்னவே இல்லையா? உலோக ரேக்குக்குள் இருக்கும் யூனிட்டையோ ஆன்டெனாவையோ வெளியே எடுங்கள். யாரும் தொடாமலே மின்னிக்கொண்டிருக்கிறதா? பக்கத்தில் ஏதோ இரைச்சல் போடுகிறது. அங்கே இருக்கும் எல்இடி அடாப்டர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

அப்போ யார்தான் பொறுப்பு?

டிவி சர்வீஸைக் கேட்டால் "வைஃபைல பிரச்னை" என்பார்கள். இன்டர்நெட்காரரைக் கேட்டால் "எங்க லைன் பக்கா, டிவியைப் பாருங்க." ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தனித்தனியாக ஒவ்வொரு கருவியும் சரியாகத்தான் இருக்கிறது. சேர்த்து வைத்தால்தான் தகராறு. அந்தச் சேர்க்கைக்குப் பொறுப்பு எடுத்துக்கொள்ள யாரும் இல்லை. அதனால்தான் எளிதான பதிலாக "புது ரிமோட் வாங்கிடுங்க" என்று முடித்துவிடுகிறார்கள். காசு உங்களுடையது, வேலை செய்யும் பழைய ரிமோட் குப்பையில்.

அலைவரிசை நெரிசல் அரசுக்கும் தெரியாமல் இல்லை. 2018-ல் 5 கிகாஹெர்ட்ஸில் உரிமம் தேவையில்லாத இடம் பெரிதாக்கப்பட்டது. 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியைத் திறக்கும் வரைவு விதிகள் 2025 மே மாதம் வெளியாயின. வைஃபை அந்தப் பக்கம் நகர நகர 2.4-ல் கூட்டம் குறையலாம். ஆனால் உங்கள் டிவிக்குப் பின்னால் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை எந்த விதியும் நகர்த்தாது. நீங்கள்தான் நகர்த்த வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்துவிடுங்கள். ரிமோட்டை அப்பா கையில் திருப்பிக் கொடுக்கும்போது, மறக்காமல் ஒரு சாரியும் சொல்லிடுங்க. அவர் சரியாகத்தான் அமுக்கினார்.