மகளிர் போட்டிக்கு ஒலுவில் மைதானம் திறக்கட்டும்

ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம், நாட்டின் ஏனைய பல்கலைக்கழகங்களின் மாணவிகளை அழைத்து, தன் சொந்த மைதானத்தில் ஆண்டுதோறும் ஒரு மகளிர் விளையாட்டுப் போட்டியை நடத்த முன்வர வேண்டும். மாணவிகளை வெளியூர்ப் போட்டிகளுக்கு அனுப்பிவைப்பதோடு ஒரு பல்கலைக்கழகத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. போகிற இடத்தில் அவர்கள் விருந்தாளிகள். திகதி, நேரம், விதி, நடுவர் எல்லாமே வேறு யாரோ தீர்மானித்தவை. தாமே ஒரு போட்டியை நடத்தும்போது நிதியை எப்படிப் பங்கிடுவது, எந்த ஆட்டத்தை எந்த நேரத்தில் வைப்பது, பார்வையாளர்களை எங்கே அமர்த்துவது, பிணக்கு எழுந்தால் யார் தீர்ப்பது என்ற முடிவுகள் அனைத்தும் அவர்களிடம் வந்துசேருகின்றன. கல்முனை முதல் பொத்துவில் வரையிலான கரையோர ஊர்களிலும், சவளக்கடை, நாவிதன்வெளி போன்ற வயல் சூழ்ந்த கிராமங்களிலும், ஆரம்பப் பாடசாலையில் ஓடியாடிய சிறுமிகள் பலர் பருவமெய்தியதும் மைதானத்தை விட்டு விலகிவிடுகின்றனர். அறிவுரைகளும் சுவரொட்டிகளும் அந்த விலகலை நிறுத்தவில்லை. தம் வயதுக்குச் சற்று மூத்த அக்காமார், தம் ஊருக்கு அருகிலேயே, ஊர் மதிக்கும் ஒரு நிறுவனத்தின் மைதானத்தில் விளையாடுவதை அவர்கள் கண்ணால் காண வேண்டும்.

இதற்கு மிகத் தெளிவான சான்று, இந்தக் கரையோரம் அதிகம் அறியாத கோல்ப் விளையாட்டின் வரலாற்றில் இருக்கிறது. 1941ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மகளிர் உடற்கல்வித் துறைக்குத் தலைமை வகித்த கிளாடிஸ் பால்மர், அந்நாட்டின் கல்லூரி மாணவிகளுக்கென முதலாவது தேசிய கோல்ப் போட்டியைத் தம் பல்கலைக்கழகத்தின் திடலிலேயே நடத்திக் காட்டினார். அவரை எதிர்த்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். மகளிர் உடற்கல்வியாளர்களின் அமைப்புகளே அந்த முயற்சியை ஏற்க மறுத்தன. கடும் போட்டி பெண்களுக்கு ஒவ்வாதது, நட்புக்காகக் கூடி விளையாடிக் கலைவதே போதும் என்பது அக்காலக் கல்வியாளர்கள் பலரின் உறுதியான நம்பிக்கை. பால்மர் அவர்களின் சம்மதத்துக்காகக் காத்திருக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு 1938இல் திறக்கப்பட்ட தன் சொந்தத் திடல் இருந்தது. எந்தத் தனியார் கழகத்தின் தயவும் தேவைப்படவில்லை. அலபாமா பல்கலைக்கழக மாணவி எலினோர் டட்லி அந்த முதற்போட்டியில் வென்றார். உலகப் போரால் இடையில் நின்ற போட்டி 1946இல் மீண்டும் தொடங்கித் தொடர்ந்தது. கோல்ப் உலகின் புகழ்பெற்ற தனியார் கழகங்களோ மிகவும் பிந்தின. ஒகஸ்டா தேசிய கோல்ப் கழகம் 2012இலும், சென்ட் அன்ட்ரூஸின் பழம்பெரும் கழகம் 2014இலும்தான் பெண்களை உறுப்பினராக ஏற்றன. அவற்றுக்கு 70 ஆண்டுகள் முன்பே ஒரு பல்கலைக்கழகம் தன் திடலைப் பெண்களுக்குத் திறந்துவிட்டிருந்தது. சமூகம் மனம் மாறட்டும் என்று காத்திராமல், மாற்றத்தைத் தன் வளவுக்குள் முதலில் நடத்திக் காட்டும் அதிகாரம் பல்கலைக்கழகத்துக்கு உண்டு என்பதை இந்த வரலாறு உறுதிப்படுத்துகிறது.

அதன் பின் நடந்தவை இரண்டு பாடங்களைத் தருகின்றன. அரசு நிதி பெறும் கல்வித் திட்டங்களில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1972இல் அமெரிக்காவில் நிறைவேறியது. அதற்கு முன் அந்நாட்டுக் கல்லூரி அணிகளில் விளையாடிய பெண்கள் ஏறத்தாழ 30,000 பேர். இன்று அந்தத் தொகை 2 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. 1982இல் தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கம் தன் முதலாவது மகளிர் கோல்ப் சம்பியன் போட்டியை நடத்தியபோது, அதற்கும் இடமளித்தது ஒரு பல்கலைக்கழகத் திடல்தான்: ஸ்டான்போர்ட். அங்கே துல்சா பல்கலைக்கழகத்துக்காக விளையாடித் தனிநபர் பட்டம் வென்ற கதி பேக்கர், மூன்றாண்டுகள் கழித்து அமெரிக்க மகளிர் ஓபன் பட்டத்தையே வென்றார். வாய்ப்பும் இடமும் கிடைத்தால் திறமை எவ்வளவு விரைவாக வெளிப்படும் என்பது முதற்பாடம். இரண்டாவது பாடம் எச்சரிக்கை சார்ந்தது. 1972இல் அந்நாட்டு மகளிர் கல்லூரி அணிகளின் பயிற்றுநர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பெண்களாக இருந்தனர். பணமும் புகழும் சேர்ந்த பின் அந்தப் பங்கு பாதிக்கும் கீழே சென்றது. விளையாடும் பெண்கள் பெருகியபோது விளையாட்டை நிர்வகிக்கும் பெண்களின் பங்கு சுருங்கியது. ஆகவே மைதானத்தில் மாணவிகளை இறக்கினால் மட்டும் போதாது. போட்டியை நடத்தும் பொறுப்பும் பெண்களிடமே இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே எழுதிவைத்துக்கொள்வது அவசியம்.

நம் நிலைமைக்கு வருவோம். போர்ச் சூழலில் படிப்புக் குழம்பிப்போன இப்பிரதேச மாணவர்களின் தேவைக்காக, மறைந்த அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால், 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996 மே மாதத்தில் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது இந்த நிறுவனம். பெண் பிள்ளைகளைக் கொழும்புக்கும் பேராதனைக்கும் அனுப்பத் தயங்கிய பெற்றோருக்கு, பல்கலைக்கழகம் பக்கத்து ஊருக்கே வந்தது பெரிய திருப்பமாக அமைந்தது. இன்று இலங்கையின் பல்கலைக்கழகங்களுக்கு நுழைவோரில் பத்தில் ஆறு பேருக்கும் மேற்பட்டோர் பெண்கள். அருகில் வந்த விரிவுரை மண்டபம் உயர்கல்வி மீதான தயக்கத்தைக் கரைத்தது போலவே, அருகில் நடக்கும் போட்டி விளையாட்டு மீதான தயக்கத்தையும் கரைக்கும். கிழக்கில் இதற்கு வாழும் உதாரணம் உண்டு. ஆசிய வலைப்பந்தாட்டச் சம்பியன் பட்டத்தை இலங்கைக்கு வென்று தந்த அணியின் தூணாக விளங்கிய தர்ஜினி சிவலிங்கம், யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலிருந்து வந்து வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 2011 உலகக் கிண்ணப் போட்டியில் மிகச் சிறந்த கோல் எய்பவர்களுள் ஒருவராக உலகம் அவரை அறிந்தது. தமிழ் பேசும் கிராமத்துப் பெண் உலக அரங்குக்குப் போக முடியுமா என்ற கேள்விக்கு அவர் எப்போதோ விடை தந்துவிட்டார். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான விளையாட்டு விழாவில் மகளிர் பிரிவு இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது; அது இடம் மாறி மாறி நடக்கும் பெருவிழா. ஒலுவிலுக்கே உரியதாக, ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும் மகளிர் போட்டி ஒன்றுதான் இந்த ஊர்களின் வழக்கமாக வேரூன்றும்.

மார்க்கமும் பண்பாடும் இதற்கு இடம்கொடுக்குமா என்பது மதித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. முதலாவதாக, ஓட்டமும் விளையாட்டும் பெண்ணுக்கு ஆகாதவை என்ற கருத்துக்கு நம் மார்க்க மரபில் ஆதாரமில்லை. நபி (ஸல்) அவர்களோடு ஆயிஷா (ரழி) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடியதும், ஒருமுறை முந்தியதும் அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியுள்ள செய்தி. இரண்டாவதாக, அடக்கத்தின் பேரில் பெண்களை மைதானத்திலிருந்து ஒதுக்கியது எந்த ஒரு சமூகத்துக்கும் மட்டுமுரிய வழக்கமாக இருந்ததில்லை. கோல்ப் வளர்ந்த ஸ்கொட்லாந்தில், சென்ட் அன்ட்ரூஸ் பெண்கள் 1867இல் தமக்கெனக் கழகம் அமைத்தபோது, பந்தை மெல்லத் தட்டிக் குழியில் விழுத்தும் சிறு திடல் ஒன்றுதான் அவர்களுக்குக் கிடைத்தது. மட்டையைத் தோளுக்கு மேலே உயர்த்தி வீசுவது பெண்ணுக்கு அழகல்ல என்பது அந்தக் கிறிஸ்தவ ஊரின் அன்றைய மரியாதை. மூன்றாவதாக, ஆடை ஒழுக்கத்தையும் தனி ஏற்பாடுகளையும் பேணியபடியே போட்டி நடத்த முடியும் என்பதற்கு முஸ்லிம் உலகிலேயே சான்றுகள் உள்ளன. இஸ்லாமிய நாடுகளின் மகளிர் விளையாட்டு விழா 1993இல் தெஹ்ரானில் தொடங்கி, 1997, 2001, 2005 ஆகிய ஆண்டுகளிலும் நடைபெற்றது. சவூதி அரேபியாவில் 2020 நவம்பரில் முதலாவது மகளிர் தொழில்முறை கோல்ப் போட்டி நடந்தது. மொரோக்கோவின் மஹா ஹத்தியூயி அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் அணியில் விளையாடி வளர்ந்து, 2016 ரியோ ஒலிம்பிக்கில் கோல்ப் ஆடினார். அதே ரியோவில் ஹிஜாப் அணிந்து வாள்வீச்சில் வெண்கலம் வென்ற அணியில் இடம்பெற்ற இப்திஹாஜ் முஹம்மத், டியூக் பல்கலைக்கழக அணியில் விளையாடியவர். சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் 2014இலும், கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் 2017இலும் தலைமறைப்புக்கு அனுமதி வழங்கிவிட்டன. உடையைக் காரணம் காட்டி உலகம் நம் பெண்களைத் தடுத்த கதவுகள் திறந்துவரும் வேளையில், உள்ளிருந்து நாமே தாழிடுவது நியாயமாகாது.

அடுத்த ஆட்சேபம் நிலமும் பணமும் பற்றியது. அமெரிக்க உதாரணத்தைக் காட்டுவதால் ஒலுவிலில் கோல்ப் திடல் வேண்டுமென்று கேட்பதாக யாரும் கருத வேண்டாம். 18 குழிகள் கொண்ட திடலுக்கு 100 ஏக்கருக்கும் மேல் நிலமும், அதன் புல்லைப் பசுமையாக வைத்திருக்க நாள்தோறும் பெருமளவு நீரும் தேவை. கல்லோயா நீரை நம்பிப் போகம் பார்க்கும் நெற்செய்கை மாவட்டம் இது. துறைமுகக் கட்டுமானத்துக்குப் பின் கடலரிப்பில் கரையையும் காணியையும் இழந்த வேதனை ஒலுவில் மக்களுக்கு இன்னும் ஆறவில்லை. அவர்களிடம் மேலும் நிலம் கேட்பது அநீதி. கோல்ப் விளையாட விரும்பும் மாணவிகளுக்கு திருகோணமலை சீனன்குடாவில் விமானப்படையின் திடல் இருக்கிறது; அங்கே பயிற்சிக்கு இடம் கேட்டுப் பார்க்கலாம். நாம் கேட்பது இருக்கிற மைதானத்தில் நடக்கக்கூடிய போட்டி: வலைப்பந்தாட்டம், எல்லே, மெய்வல்லுநர், பூப்பந்தாட்டம். கல்லூரி கோல்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் புள்ளி முறையை. அணிக்கு ஐவர் ஆடுவர். ஒவ்வொரு சுற்றிலும் சிறந்த நால்வரின் புள்ளிகளே அணியின் கணக்கில் சேரும். ஒருத்திக்கு அன்று சரிவராமல் போனாலும் அணி வீழ்ந்துவிடாது; புதியவர்களையும் துணிந்து அணியில் சேர்க்கலாம். நீண்டதூர ஓட்டத்துக்கும் மெய்வல்லுநர் அணிப் போட்டிக்கும் இம்முறை அப்படியே பொருந்தும். அனுபவம் குறைந்த மாணவிகள் அதிகமுள்ள பிரதேசத்தில் இது மிகுந்த பயன் தரும். செலவு என்று பார்த்தால், விடுதி, உணவு, போக்குவரத்து ஆகியவையே முதன்மையானவை. விடுமுறைக் காலத்தில் போட்டியை வைத்தால் விடுதி அறைகளையே விருந்தினர்க்கு ஒதுக்கலாம். உணவையும் போக்குவரத்தையும் கல்முனை வர்த்தகர்களும் பழைய மாணவர் சங்கங்களும் மனம் வைத்தால் பொறுப்பேற்கலாம்.

படிப்பு கெட்டுவிடும் என்ற அச்சமும், மாலையில் திரும்பும் பிள்ளைகளின் பாதுகாப்புப் பற்றிய கவலையும் பெற்றோரிடம் எழுவது இயல்பு. முன்னதற்கு விடை கால அட்டவணையில் இருக்கிறது: பரீட்சைக் காலத்தைத் தவிர்த்து மூன்று நாள்களுக்குள் முடியும் போட்டி எந்தப் பாடத்தையும் பாதிக்காது. ஒரு போட்டியைத் திட்டமிட்டு நடத்தி முடிக்கும் மாணவி கணக்கு, பேச்சுவார்த்தை, பொறுப்பேற்றல் ஆகியவற்றில் பெறும் பயிற்சி முகாமைத்துவப் பாடத்துக்கும் குறைந்ததல்ல. பின்னதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மாரி காலத்தில் கிட்டங்கிப் பாதையை வெள்ளம் மூடினால் சவளக்கடை மக்கள் கல்முனைக்கு வருவதற்கே அல்லற்படுகிறார்கள். ஆகவே பருவமழை முடிந்த மாதங்களில் போட்டியை வைத்து, பாடசாலைச் சிறுமிகளுக்கு வாகன ஏற்பாடு செய்து, பொழுது சாய்வதற்குள் அவர்களை வீடு சேர்க்க வேண்டும். பிள்ளைகளை வீட்டில் இருத்திவைப்பதால் அவர்களின் பாதுகாப்புக் கூடுவதில்லை. பாதையும் மைதானமும் அவர்களுக்குரியவை என்று ஊர் ஏற்கும்போதுதான் அது கூடுகிறது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. உபவேந்தரும் பேரவையும் போட்டியைப் பல்கலைக்கழகத்தின் ஆண்டு நாட்காட்டியில் நிரந்தரமாகச் சேர்க்க வேண்டும். ஆளுக்கு ஆள் மாறும் ஆர்வத்தில் அதை விட்டுவிடக் கூடாது. ஏற்பாட்டுக் குழுவின் தலைமையும் பெரும்பான்மையும் மாணவிகளிடமும் பெண் விரிவுரையாளர்களிடமும் இருக்க வேண்டும். நடுவர்களாகப் பயிற்சி பெற்ற பெண்களையே அழைக்க வேண்டும். பெண்கள் மட்டும் பார்வையாளராக அமரும் ஆட்டங்கள் எவை, பொது ஆட்டங்கள் எவை என்பதை அந்தக் குழுவே தீர்மானிக்கட்டும். யாழ்ப்பாணம், கிழக்கு, பேராதனை, கொழும்பு, உருகுணை மாணவிகளை முதலாண்டிலேயே அழைக்க வேண்டும். இனத்தால் பிரிந்து வளர்ந்த ஒரு நாட்டின் பிள்ளைகள் ஒரே மைதானத்தில் மூன்று நாள் பழகுவதற்கு ஈடான நல்லிணக்கப் பாடம் எந்தக் கருத்தரங்கிலும் கிடைக்காது. கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி உட்பட வலயப் பாடசாலைகளின் மாணவிகளுக்குப் பார்வையாளர் இடமும், ஒரு நாள் பயிற்சி முகாமும் ஒதுக்கப்பட வேண்டும். பள்ளிவாசல் நிருவாகங்களையும் உலமாக்களையும் முடிவெடுத்த பின் அறிவிக்காமல், ஆரம்பத்திலேயே கலந்துபேசினால் பல ஐயங்கள் மேடைக்கு வருமுன்பே தீரும்.

நிந்தவூர் இளைஞர்கள் கபடியில் தேசிய அணி வரை சென்றபோது இந்தக் கரையோரம் முழுவதும் பெருமைப்பட்டது. அந்தப் பெருமையில் நம் பெண் பிள்ளைகளுக்கும் உரிய பங்கு உண்டு. 1941இல் சம்மதம் கேட்டுக் காத்திருந்தால் ஒஹாயோவில் அந்தப் போட்டி நடந்திருக்காது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு மைதானம் உண்டு, மாணவிகள் உண்டு, சட்டத் தடை எதுவும் இல்லை. வேண்டியது ஒரு தீர்மானம் மட்டுமே. அடுத்த கல்வியாண்டின் நாட்காட்டி அச்சேறும்போது அதில் மகளிர் போட்டிக்கான மூன்று நாள்கள் குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று உபவேந்தரையும் பேரவையையும் கேட்டுக்கொள்கிறோம். அந்த நாள்களில் தம் மகள்மாரை ஒலுவிலுக்கு அழைத்து வருமாறு பெற்றோரையும் வேண்டுகிறோம்.