கடைக்கு அஞ்சு நட்சத்திரம்... தறிக்கு?

கல்யாணத்துக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சமையல் யாரு? டக்கென்று பெயர் வரும். போட்டோ யாரு? ஆல்பத்தின் பின் அட்டையிலேயே செல் நம்பரோடு இருக்கும். மேக்கப்? மணப்பெண்ணே இன்ஸ்டாகிராமில் போட்டுவிடுவார். சரி, முகூர்த்தப் புடவை யார் நெய்தது? "அது... காஞ்சிபுரத்துல அந்தப் பெரிய கடையில எடுத்தது" என்று பதில் வரும். கேள்வி கடையைப் பற்றி இல்லையே அய்யா!

ஆரணிப் பக்கத்துப் பட்டு நெசவு ஊர்களில் ஒன்று வெம்பாக்கம். திருவண்ணாமலை மாவட்டம்தான், ஆனால் காஞ்சிபுரமும் பக்கம். இந்தப் பகுதியில் தறியிலிருந்து இறங்கிய புடவைக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். மாஸ்டர் வீவரிடமோ சொசைட்டியிடமோ போகிறது. அங்கிருந்து கடை. கடையிலிருந்து பீரோ. வழியில் ஒவ்வொரு கை மாறும்போதும் புடவைக்கு ஒரு பெயர் ஒட்டிக்கொள்கிறது: ஊர்ப் பெயர், கடைப் பெயர், டிசைன் பெயர். நெய்தவர் பெயர் மட்டும் முதல் கையிலேயே உதிர்ந்துவிடுகிறது.

அப்புறம் ஒரு நாள் வாங்கியவர் இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போடுகிறார். யாருக்கு? கடைக்கு. "ஏசி நன்றாக இருந்தது, பார்க்கிங் வசதி உண்டு, காபி கொடுத்தார்கள்." கோர்வை எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை? ம்ஹூம்.

கோர்வை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: உடல் ஒரு கலர், கரை வேறு கலர் என்று இருக்கும் புடவையில் இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்வது. மூன்று நாடா ஓடும். பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். சேரும் இடத்தில் கொஞ்சம் தளர்ந்தாலும் கட்டும்போது தெரிந்துவிடும். பத்து பதினைந்து நாள் இரண்டு பேர் குனிந்து செய்த வேலை அது. அதற்குக் கிடைக்கும் ஒரே "ரிவ்யூ" என்ன தெரியுமா? பிடித்தம். கறை பட்டிருந்தால், இழை விட்டிருந்தால் கூலியில் கழிப்பார்கள். குறை இல்லை என்றால் மௌனம். நெசவாளிக்குத் தெரிந்த பாராட்டு என்பது கூலி குறையாமல் வந்தது, அவ்வளவுதான்.

இது வெறும் மனக்குறை இல்லை. பொதுவாக ஒரு பாவில் மூன்று புடவை வரும். முதல் புடவை கடைக்குப் போய், யாரோ வாங்கி, கட்டி, கரை விறைப்பாக இருக்கிறது என்று உணர்வதற்குள் மற்ற இரண்டும் இறங்கி, அடுத்த பாவும் தறியில் ஏறியிருக்கும். அதே விறைப்போடு! சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. சொன்னாலும் கடை கவுண்டரோடு நின்றுவிடும். பிறகு "முன்ன மாதிரி பட்டு இல்லைங்க" என்று எல்லாரும் அங்கலாய்ப்பார்கள். எப்படி இருக்கும்?

"நெய்தவர் யார் என்று தெரியாதே, எப்படிச் சொல்வது?" என்று கேட்கலாம். நியாயம். ஆனால் தெரிவிக்க முடியாத விஷயம் ஒன்றும் இல்லை. கோ-ஆப்டெக்ஸ் சில புடவைகளில் நெசவாளரின் படமும் பெயரும் போட்ட அட்டையை வைத்துக் காட்டியிருக்கிறது. 1935-ல் தொடங்கிய கூட்டுறவு நிறுவனத்தால் முடிந்தது, நாலு மாடிக் கடைகளால் ஏன் முடியாது? பெயர் தெரிந்தால் அடுத்த முறை வாடிக்கையாளர் நேரே போய்விடுவாரோ என்கிற பயம்தான். வேறு என்ன?

முத்திரைகளுக்கும் குறைவில்லை. சில்க் மார்க் 2004-ல் வந்தது, அசல் பட்டு என்று சொல்லும். கைத்தறி முத்திரை 2006-ல் வந்தது, கைத்தறி என்று சொல்லும். காஞ்சிபுரம் பட்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு, ஆரணிப் பட்டுக்கும் உண்டு. எல்லாம் தேவைதான். ஆனால் இவை சரக்குக்கும் ஊருக்கும் காவல். ஒரே தெருவில் அருமையாக நெய்பவருக்கும் ஏனோதானோவென்று நெய்பவருக்கும் ஒரே முத்திரை! வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியது கட்டிப் பார்த்தவர் வாய்தான்.

இப்போது இன்னொரு ரகம் கிளம்பியிருக்கிறது. கூலிக்கு நெய்தது போதும் என்று தானே பட்டு வாங்கி, தானே நெய்து, வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கிறவர்கள். ஜவுளி அமைச்சகமும் நெசவாளிகள் நேரடியாக விற்க 2023-ல் இந்தியாஹேண்ட்மேட் என்று ஒரு தளம் திறந்தது. கதவு திறந்தாயிற்று. ஆனால் முகம் தெரியாத ஒருவருக்குப் பல ஆயிரம் ரூபாய் அனுப்புவதற்கு முன் யாராக இருந்தாலும் எதைத் தேடுவார்கள்? முன்னால் வாங்கியவர் என்ன சொன்னார் என்று. அங்கே காலி. காலியாக இருப்பதால் வாங்குவதில்லை, வாங்காததால் காலியாகவே இருக்கிறது. வாங்கிய நாலைந்து பேரும் என்ன செய்கிறார்கள்? தனியாக "சூப்பர் அண்ணா" என்று ஒரு வரி, ஒரு கை தட்டும் பொம்மை. பொதுவில் எழுதச் சொன்னால் "டைம் இல்லை". ஆயிரம் ரூபாய் குறைக்கச் சொல்லி முக்கால் மணி நேரம் பேசுவதற்கு மட்டும் டைம் இருந்தது :-)

பணம் உள்ளவர்களுக்கு இந்தக் கஷ்டமே இல்லை. காசு கொடுத்தால் ரிவ்யூ மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. பொய் ரிவ்யூ பெருகிப் போய், இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-ல் அதற்கென்றே ஐ.எஸ். 19000 என்று ஒரு தர நெறியே கொண்டு வர வேண்டியதாயிற்று. பொய்யை அடக்க நெறி வந்தது சரி. உண்மையான நாலு வரி வராமல் கிடப்பவனுக்கு எந்த அமைவனம் வரும்?

எழுத்தாளர்கள் கதையும் இதேதான் என்பார்கள் இலக்கியம் படிக்கிற நண்பர்கள். உண்மைதான். தமிழில் விமர்சனமே இல்லை என்ற ஆதங்கத்தில்தான் சி.சு.செல்லப்பா 1959-ல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். புத்தகங்களைத் தானே சுமந்துபோய்க் கல்லூரி கல்லூரியாக விற்றார். 'சுதந்திர தாகம்' நாவலை 1997-ல் தானே வெளியிட்டார். 1998-ல் மறைந்தார். அதற்கு சாகித்ய அகாதமி விருது வந்தது 2001-ல்! ஆனால் ஒன்று. செல்லப்பாவால் ஒரு பத்திரிகை நடத்தித் தன் தரப்பைச் சொல்ல முடிந்தது. தறிக் குழியில் உட்கார்ந்திருப்பவர் எதை நடத்துவார்?

ஆகஸ்ட் 7 வந்தால் மட்டும் ஊரே கைத்தறி பேசும். 1905 சுதேசி இயக்கத்தின் நினைவாக 2015 முதல் தேசிய கைத்தறி நாள். அன்றைக்குப் புடவை கட்டி செல்ஃபி, கூடவே "ஏழை நெசவாளிகளை ஆதரிப்போம்" என்று ஒரு வரி. இந்த "ஏழை" என்ற வார்த்தையைத்தான் முதலில் தூக்க வேண்டும். வறுமை பொய் என்று அர்த்தமில்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துச் சொச்சம் கைத்தறித் தொழிலாளர்கள், பெரும்பாலோர் குடும்பத்துக்கு மாத வருமானம் ஐயாயிரம்கூட இல்லை. ஆனால் இரக்கப்பட்டு எழுதும் வரி விமர்சனம் ஆகாது. அதைப் படிக்கிறவர் பாவப்பட்டு ஒரு தடவை வாங்குவார். அந்தத் தறியில் நல்ல புடவை கிடைக்கும் என்று தெரிந்தால்தான் இரண்டாம் தடவை வருவார்.

பட்டுப்புடவைக்கு விமர்சனம் எழுதுவது கஷ்டமான காரியமும் இல்லை. பார்சல் பிரித்த அன்றே எழுதுவதுதான் தப்பு, போஸ்டரைப் பார்த்துப் படத்துக்கு மார்க் போடுகிற மாதிரி. கொசுவம் நிற்கிறதா? இரண்டு மணி நேரம் கட்டியிருந்தால் இடுப்பில் கனக்கிறதா? ஒரு வருஷம் கழித்து மடிப்பில் இழை விட்டதா? ஜரிகை கறுத்ததா? கரைச் சாயம் உடலில் இறங்கியதா? இவ்வளவுதான். நல்லது என்றால் நல்லது, குறை என்றால் குறை. குறையைச் சொன்னால் அவர் பிழைப்பு போய்விடுமே என்று நல்ல மனசோடு வாயை மூடிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மூடிய வாயால்தான் அவர் அதே தப்பை அடுத்த பாவிலும் நெய்கிறார்.

பீரோவைத் திறந்து பாருங்கள். நேரடியாக வாங்கியது ஒன்றாவது இருக்கும். அனுப்பியவர் நம்பர் இன்னும் செல்லில் இருக்கும். முகூர்த்த சீசனுக்கு முன்னால், அவர் அடுத்த பாவு ஏற்றுவதற்குள் எழுதினால் நல்லது.