மதிப்பெண்ணும் ஸ்தானமும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான மறுநாள் காலையில் மதுரைக் காளவாசலிலோ அண்ணா நகரிலோ நின்று பார்த்தால், பிளக்ஸ் பலகைகளில் முதல் மாணவியின் முகம் ஆளுயரத்துக்கும், அடுத்தடுத்த முகங்கள் படிப்படியாகச் சிறுத்தும், கடைசி வரிசை முகங்கள் இன்னாரென்று அடையாளம் தெரியாத அளவுக்குக் குறுகியும் இருக்கக் காணலாம். அப்பலகையில் இடமே கிடைக்காத பிள்ளைகளும் அதன் கீழே நின்றுதான் டவுன் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

மாநிலத்திலும் மாவட்டத்திலும் முதல் மூன்று இடங்களைப் பெற்றவர்களின் பெயர்களை அரசாங்கமே அறிவித்துவந்த வழக்கம் 2017 மே மாதத்தில் கைவிடப்பட்டது. அப்போது கல்வி அமைச்சர் செங்கோட்டையன். துறைச் செயலாளர் உதயச்சந்திரன். பின்னவர், 2006இல் இதே மதுரையின் ஆட்சியராக இருந்து, தலித் ஒருவர் தலைவராவதைப் பொறுக்காத மனோபாவத்தால் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்த பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தேர்தலை நடத்தி முடித்தவர். மேல், கீழ் என்ற எண்ணம் ஊர்களை எப்படி முடக்கும் என்பதை அருகிலிருந்து கண்டவர் காலத்திலேயே இந்தப் பட்டியலும் ஒழிந்தது என்ற பொருத்தத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அரசாங்கம் நிறுத்திவிட்டது, வீடுகள் நிறுத்தவில்லை. தன்னை அளந்துகொள்ளப் புறத்தே நிச்சயமான அளவுகோல் இல்லாதபோது மனிதன் தன்னை ஒத்தவர்களையே அளவுகோலாகக் கொள்கிறான் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் 1954இல் எழுதினார். செல்லூர்ப் பெண் ஒருத்தியின் நெஞ்சைச் சுடுவது எங்கோ இருக்கும் மேதையின் கீர்த்தி அன்று; ஒரே டியூஷனில் பக்கத்தில் உட்கார்ந்து படித்த சித்தி மகள் கூடுதலாக வாங்கிய ஆறு மதிப்பெண்தான். ஜெயித்தவர்களையும் இந்த ஒப்பீடு விடுவதில்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் முகபாவங்களை ஆராய்ந்து 1995இல் வெளியான ஓர் ஆய்வு, வெள்ளி பெற்றவர்களைவிட வெண்கலம் பெற்றவர்களே அதிக மகிழ்ச்சியோடு காணப்பட்டதாகச் சொல்கிறது.

மதிப்பெண் என்பது, எத்தனை குறைகள் இருந்தாலும், பிள்ளை எழுதிய விடையைப் பற்றிய ஒரு தீர்ப்பு. ஸ்தானம் அப்படியன்று. அதே கையெழுத்தில் அதே விடைகளை எழுதிய பிள்ளை, தன்னைவிட நன்றாக எழுதியவர்கள் பத்துப் பேர் இருந்தால் பதினோராவதாகவும், நூறு பேர் இருந்தால் நூற்றோராவதாகவும் நிற்கிறாள்; அவளுடைய அறிவு அணுவளவும் மாறவில்லை, சுற்றியிருந்த கூட்டம்தான் மாறியது. பிறருடைய கணக்கிலிருந்து பிறந்த இந்த எண்ணைத் தன் யோக்கியதையின் அளவாகப் பதினேழு வயதில் ஏற்றுக்கொள்பவள், ஆயுள் முழுவதும் தன் சந்தோஷத்தின் சாவியை அந்நியர் கையில் கொடுத்துவிடுகிறாள்.

ஸ்தானம் இல்லாமல் கல்லூரி இடங்களை எப்படிப் பங்கிடுவது என்ற ஆட்சேபணை நியாயமானதே. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ்நாட்டில் பொறியியலுக்கான நுழைவுத்தேர்வு நீங்கியபின், கணிதத்தில் நூறும் இயற்பியல், வேதியியலில் ஐம்பது ஐம்பதுமாக இருநூறுக்குக் கட்-ஆஃப் கணக்கிட்டே தரவரிசை தயாராகிறது. இடங்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம்; வரிசை அவசியம். ஆனால் கவுன்சலிங் முடிந்தவுடன் அதன் வேலையும் முடிந்துவிடுகிறது. அதைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னும் கல்யாணப் பந்தியிலும் கொண்டுவந்து வைக்க நமக்கு என்ன உரிமை?

ஒப்பிடுவதே கூடாது என்பதும் என் கட்சியன்று. திருமலை நாயக்கர் மஹாலைச் சுற்றிய தெருக்களில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் சௌராஷ்டிரப் பெண்களிடையே, கற்றுக்கொள்ளும் சிறுமி தன் முடிச்சைப் பெரியம்மாவின் முடிச்சோடு வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். துணியை நகநுனியால் கிள்ளி நூலை இறுகச் சுற்றாவிட்டால் சாயம் உள்ளே புகுந்து புள்ளி கலங்கிவிடும். “இது தளர்ந்திருக்கு, இன்னும் ரெண்டு சுத்து சுத்து” என்று மூத்தவள் சொல்லும்போது திருத்தப்படுவது முடிச்சு. சிறுமியின் கௌரவத்துக்கு அங்கே வேலையே இல்லை. ‘அவளைப் பார், நீயும் இருக்கிறாயே’ என்று தொடங்கும் பேச்சிலோ திருத்திக்கொள்ள ஒன்றுமே அகப்படுவதில்லை. வெட்கப்பட மட்டுமே முடிகிறது. தன்னை ஏற்றுக்கொள்வது என்றால் குறைகளைப் போர்த்தி மூடுவதென்று சிலர் அஞ்சுகிறார்கள். எனக்கு நேர்மாறாகவே தோன்றுகிறது: தான் குறைந்தவள் என்ற பயம் நீங்கிய பிள்ளையால்தான் தன் பிழையை உற்றுப் பார்க்கவே முடியும்.

அப்படிப் பார்ப்பதற்கான சாதனம் ஏற்கெனவே இருக்கிறது. விடைத்தாளின் நகலைத் தேர்வுத்துறையிடம் கேட்டுப் பெறலாம். ஆனால் மறுகூட்டலில் ஒன்றிரண்டு கூடுமா என்ற நோக்கத்தோடு, கட்டணம் செலுத்தி விண்ணப்பிப்பவர்களுக்கே அது கைக்கு வருகிறது; மேலூரிலும் உசிலம்பட்டியிலும் உள்ள கூலி வீட்டுப் பிள்ளை, எந்த விடையில் எங்கே தவறினோம் என்று அறியாமலே, ஓர் எண்ணையும் ஊராரின் வார்த்தையையும் சுமந்துகொண்டு பள்ளியை விட்டுப் போகிறது. அந்த நகலைத் தேர்வுத்துறை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டணமின்றி அளிக்க வேண்டும். பள்ளிகளும், கல்லூரி திறப்பதற்குள் ஒரு நாளை அதற்கென்று ஒதுக்கி, பாட ஆசிரியரை உடன் உட்காரவைத்து, வரி வரியாக அதைப் பிள்ளையோடு படித்துப் பார்க்க வேண்டும்.