ஷோபாவும் 'இயல்பு' என்னும் சொல்லும்

நடிகை ஷோபாவைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு தொடர்களுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒன்று, இயல்பான நடிப்பு. மற்றது, அகால மரணம். இரண்டுமே பொய்யல்ல. ஆயினும் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு சிறுமி உழைத்த 14 ஆண்டுகளை நாம் தொலைத்துவிடுகிறோம்.

1962 செப்டம்பரில் பிறந்த அவர், 1966இல் ஜே. பி. சந்திரபாபு இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தில் குழந்தையாகத் திரைக்கு வந்தார். பின்னர் மலையாளத்தில் குழந்தை நட்சத்திரம். 1977இல் கன்னடத்தில் 'கோகிலா'. 1978இல் தமிழில் 'நிழல் நிஜமாகிறது', 'முள்ளும் மலரும்'. அண்ணனின் அன்புக்கும் தன் விருப்பத்திற்கும் நடுவே நிற்கும் வள்ளியாக அவர் நடித்த படம் வெளியானபோது அவருக்கு 15 வயது. 'அழியாத கோலங்கள்' படத்தில் விடலைப் பையன்களின் கனவில் வரும் ஆசிரியை. 'பசி'யில் காகிதம் பொறுக்கும் குப்பம்மா. அதற்காகத் தேசிய விருது. 1980 மே 1 அன்று மறைந்தபோது வயது 17.

வள்ளியையும் குப்பம்மாவையும் 'இயல்பு' என்று சொல்லிக் கடந்துவிடும்போது, அது கற்றுத் தேர்ந்த கலை என்பதை மறுக்கிறோம். அதைவிடக் கடுமையானது ஒன்றுண்டு: இயல்பாக வருவதற்கு உழைப்பு எதற்கு, உழைப்பே இல்லையெனில் பாதுகாப்பு எதற்கு என்ற எண்ணத்துக்கும் நம்மை அறியாமலே இடமளித்துவிடுகிறோம்.

அமெரிக்க நடிகை ஜோடி ஃபாஸ்டர் பிறந்தது அதே 1962இல், ஷோபாவுக்கு இரண்டு மாதம் பின்னால். அவரும் மூன்று வயதில் விளம்பரப் படத்தில் தொடங்கியவர். 'டாக்ஸி டிரைவர்' (1976) படத்தில் வயதுக்கு மீறிய வேடம் ஏற்றவர். ஆனால் குழந்தை நடிகரின் வருவாயில் ஒரு பகுதியைக் காக்கும் சட்டம் கலிபோர்னியாவில் 1939லேயே வந்துவிட்டது. ஷோபா மறைந்த அதே 1980இல் ஃபாஸ்டர் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவியானார். சட்டம் ஒன்றே ஓர் உயிரைக் காத்துவிடும் என்று நாம் வாதிடவில்லை. உழைக்கும் குழந்தையை உழைப்பாளி என்று ஒரு சமூகம் முன்பே ஒப்புக்கொண்டிருந்தது என்பதையே சுட்டுகிறோம்.

கலை இளமையிலேயே தொடங்க வேண்டியதல்லவா, நம் பாய்ஸ் கம்பெனிகள் அப்படித்தானே நடிகர்களை உருவாக்கின என்று கேட்கலாம். உண்மைதான். அங்கே உருவானவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். உருவாகாமல் போன பிள்ளைகளின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

நம் நாட்டில் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017இல் விதிகள் வந்தன. குழந்தைக் கலைஞருக்கு நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வருவாயில் குறைந்தது 20 விழுக்காடு அக்குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்பாக வேண்டும். படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன் அனுமதி பெற வேண்டும். அப்படியாயின், மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு குழந்தையை வைத்துப் படமெடுக்க வேண்டுமானால், 2019இல் உருவான செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியரிடம் தாள் போக வேண்டும். இதைத் திரை ஆர்வலர்களாகிய நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாத பிடாரி ரதங்களின் முன் நிற்கையில் நாம் 'பாதியில் நின்றுவிட்டதே' என்று மட்டும் வருந்துவதில்லை. உளித்தடங்களைத் தேடிப் பார்க்கிறோம், பாறையை எப்படிப் பிளந்தார்கள் என்று வியக்கிறோம். கல்லுக்குத் தரும் அந்தக் கவனத்தை ஷோபாவின் படங்களுக்கும் தருவோம். அவரைப் பற்றி இனி எழுதுவோர் 'இயல்பு' என்ற சொல்லைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, 'உழைப்பு' என்ற சொல்லிலிருந்து தொடங்கட்டும்.