பெயிண்டிங் காசு யார் தலையில்?

மதுரை வில்லாபுரத்திலோ திருநகரிலோ வீட்டைக் காலி செய்து சாவியை நீட்டினால், "பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை கழிச்சுக்கிறேன்" என்பார்கள். காலண்டர் மாட்டிய ஆணி ஓட்டை, அடுப்படிச் சுவரில் தாளிப்புப் புகை ஏறிய மஞ்சள் எல்லாம் அட்வான்ஸில் கழியும். மீதிக்கு, "அடுத்த ஆள் வரட்டும்." இது அநியாயம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதையும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பாகவே அட்டவணையில் வைத்திருக்கிறது. பாக்கி போக மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் தந்துவிடவும் சொல்கிறது. கரண்ட் பில், உடைந்த வாஷ்பேசின் ஆகியவற்றைக் கழிக்கட்டும், அது நியாயம். வாடகையை மட்டுமே நம்பி வாழும் வயதான வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள், கையில் இருந்த அட்வான்ஸ் மருந்துக்கும் கல்யாணத்துக்கும் கரைந்திருக்கும். அதற்காக, காலி செய்தவர் புது வீட்டு அட்வான்ஸுக்கு வட்டிக்கு வாங்கி அலைவதா? குடிபோகும் நாளிலேயே சுவர், குழாய், சுவிட்ச் எல்லாவற்றையும் செல்போனில் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்துவிடுங்கள்.